ஸ்லீப்பர் ஆப்பும் புதுமுக ரிசீவரும்: ஒரு சேலம் லீக்கின் விமர்சனம்

அமெரிக்கன் ஃபுட்பால் ஃபேன்டசி ஆட ஸ்லீப்பர் ஆப் எப்படி என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக ஆடலாம். நிஜ ஆட்டக்காரர்களைக் கொண்டு நாம் ஓர் அணி அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி வாங்குவதுதான் ஃபேன்டசி. ஆனால் ஒரு புதுமுக வைட் ரிசீவரின் பெயருக்குப் பக்கத்தில் தெரியும், அவர் எவ்வளவு எடுப்பார் என்று ஆப் கணிக்கும் உத்தேசப் புள்ளியை மட்டும் நம்பி அவரை எடுத்துவிடாதீர்கள். அவர் பெயரைத் தொட்டால் ஆட்டவாரிக் கணக்கு திறக்கும். ஆளை எடைபோட வேண்டிய இடம் அதுதான். இந்த விமர்சனத்தில் பெரும்பகுதி அந்தப் பக்கத்தைப் பற்றியே இருக்கும்.

சேலத்தில் இதை யார் ஆடுகிறார்கள் என்று கேட்கலாம். அமெரிக்க மெடிக்கல் பில்லிங் வேலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் நாங்கள் பத்துப் பேர் ஆடுகிறோம். எங்கள் க்ளையன்ட் அலுவலகம் ஓஹையோ மாநிலத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை போன் அழைப்பில் வேலைப் பேச்சு தொடங்கும் முன்பே அந்த மாநிலத்து அணியான சின்சினாட்டி பெங்கால்ஸ் ஜெயித்ததா தோற்றதா என்ற பேச்சு வந்துவிடும். முதலில் தலையாட்டிக்கொண்டிருந்தோம். அப்புறம் விதிகளைக் கற்றோம், பிடித்துப்போனது. இப்போது எங்கள் டீம் லீடர் அக்காதான் லீக்கை நடத்தும் கமிஷனர்.

காசு கட்டி ஆடுவது கிடையாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. அதற்கு முன்பும் எங்கள் லீக்கில் பணம் இருந்ததில்லை. கடைசி இடத்தில் முடிப்பவர் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கித்தர வேண்டும், அவ்வளவுதான். ஆப்பும் இலவசம். லீக் தொடங்க, ஆள் சேர்க்க, டிராஃப்ட் (முறை வைத்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது) நடத்த எதற்கும் கட்டணம் இல்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. வைட் ரிசீவர் என்பவர் ஓரத்தில் நின்று முன்னால் ஓடி, குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிப்பவர். பி.பி.ஆர். என்ற கணக்கில் ஒரு பந்தைப் பிடித்தால் 1 புள்ளி, முன்னேறும் ஒவ்வொரு 10 யார்டுக்கு 1 புள்ளி, பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டும் டச்டவுனுக்கு 6 புள்ளி. ஒவ்வோர் ஏப்ரல் மாதமும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை ஏழு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கும். அப்படி வரும் முதல் வருட ஆள் ரூக்கி. ஆகஸ்ட் கடைசியில் நாம் நம் ஃபேன்டசி டிராஃப்டை நடத்துவோம். அந்த நேரத்தில் ரூக்கி பயிற்சி ஆட்டங்களைத் தவிர ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்க மாட்டார். அவரை எத்தனையாவது சுற்றில் எடுப்பது என்பதுதான் வருடா வருடம் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம்.

நான் முதலில் பார்ப்பது அணியில் காலியிடம் இருக்கிறதா என்பதை. ஆளின் திறமை அதற்கு அப்புறம். 2024 மார்ச்சில் சார்ஜர்ஸ் அணி தன் ரிசீவர் கீனன் ஆலனை சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்தது. மைக் வில்லியம்ஸையும் விடுவித்தது. ஏப்ரலில் லாட் மெக்கான்கியை 34ஆவது ஆளாக எடுத்தார்கள். அதே டிராஃப்டில் பேர்ஸ் அணி ரோம் ஒடுன்ஸேயை 9ஆவது ஆளாகவே எடுத்தது. பெயர், உயரம், கல்லூரிப் புகழ் எல்லாவற்றிலும் ஒடுன்ஸே மேலே. ஆனால் சிகாகோவில் அவருக்கு முன்னால் டி.ஜே. மூர் இருந்தார், புதிதாக வந்த ஆலனும் இருந்தார். வருடக் கடைசியில் மெக்கான்கி 82 பந்து பிடித்து 1,149 யார்டு, 7 டச்டவுன். ஒடுன்ஸே 54 பந்து, 734 யார்டு, 3 டச்டவுன். பி.பி.ஆரில் போட்டால் சுமார் 239 புள்ளிக்கு எதிராக 145. ஆலன் என்ற ஒரே ஆள் இடம் மாறியதில் ஒரு ரூக்கிக்குக் கதவு திறந்தது, இன்னொரு ரூக்கிக்கு மூடியது. என்.எஃப்.எல். டிராஃப்டில் ஒடுன்ஸேயைவிட மெக்கான்கி வெகு பின்னால்தான் போனார்.

ஜஸ்டின் ஜெஃபர்சன் கதையும் இதுதான். 2020 மார்ச்சில் மினசோட்டா வைக்கிங்ஸ் ஸ்டெஃபான் டிக்ஸை பஃபலோவுக்கு விற்றது. பதிலுக்குக் கிடைத்த 22ஆவது டிராஃப்ட் இடத்தில்தான் ஜெஃபர்சனை எடுத்தார்கள். காலியான நாற்காலியும் அதில் உட்கார வந்த ஆளும் ஒரே பேரத்தில் வந்தவை. முதல் இரண்டு ஆட்டத்தில் 2 பந்து, 3 பந்து என்று சிறிய கணக்கு. மூன்றாவது வாரம் 175 யார்டு. வருட முடிவில் 88 பந்து, 1,400 யார்டு. இரண்டாவது வாரத்தோடு பொறுமை இழந்து அவரைக் கைவிட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

இரண்டாவதாக டார்கெட். அவரைக் குறிவைத்து எத்தனை பந்து எறியப்பட்டது என்ற எண்ணிக்கை. பிடித்தாரா விட்டாரா என்பது வேறு. ஸ்லீப்பரில் ஆட்டவாரிக் கணக்கைத் திறந்தால் இந்த எண்ணிக்கை இருக்கும். நான் இந்த ஆப்பை விடாமல் வைத்திருப்பதற்கு முதல் காரணமே இதுதான். ஒரு ரூக்கி ஓர் ஆட்டத்தில் 2 டச்டவுன் அடித்தால் எல்லோரும் பாய்வார்கள். டச்டவுன் இந்த வாரம் வரும், அடுத்த வாரம் வராது. டார்கெட் அப்படியில்லை. ஒரு குவார்ட்டர்பேக்குக்கு ஒருவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டால் அது சீக்கிரம் போகாது.

பூகா நகுவாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2023 டிராஃப்டில் ஐந்தாவது சுற்றில், 177ஆவது ஆளாக ராம்ஸ் அணிக்கு வந்தவர். பெரும்பாலான ஃபேன்டசி லீக்குகளில் அவரை யாருமே எடுக்கவில்லை. அணியின் முதல் ரிசீவர் கூப்பர் கப் தொடைத் தசைக் காயத்தால் முதல் நான்கு ஆட்டத்துக்கு வெளியே. முதல் வாரம் நகுவாவுக்கு 15 டார்கெட், 10 பந்து, 119 யார்டு. இரண்டாவது வாரம் 20 டார்கெட், 15 பந்து, 147 யார்டு. ஒரு ரூக்கிக்கு ஒரே ஆட்டத்தில் 20 முறை பந்து வருவது சாதாரண விஷயமே இல்லை. அப்போதும் எங்கள் குழுவில், "கப் திரும்பி வந்தா இவன் காணாமப் போயிடுவான்" என்று ஒரு பேச்சு ஓடியது. கப் ஐந்தாவது வாரம் வந்தார். நகுவா காணாமல் போகவில்லை. 105 பந்து, 1,486 யார்டு என்று முடித்தார். இரண்டுமே அப்போது ரூக்கி சாதனை.

சேலத்துக்காரனுக்கு இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் 2020இல் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகத்தான் தேர்வானார். வருண் சக்ரவர்த்தியின் தோள் காயத்தால் டி20 அணியில் இடம் கிடைத்தது. டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் அறிமுகம், ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் அறிமுகம், அந்த முதல் இன்னிங்ஸிலேயே மூன்று விக்கெட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவிலும் ஆடிவிட்டார். அடுத்தவர் காயத்தால் கதவு திறந்தது உண்மை. உள்ளே போனபின் அவரை அங்கே நிலைக்கவைத்தது யார்க்கர். எங்கள் லீக்கில் இருக்கும் கொங்கணாபுரத்துத் தம்பிக்கு இதைச் சொன்னதும், "அண்ணே, அப்ப நகுவாவ எடுங்கண்ணே" என்றான். காயத்தால் வந்த வாய்ப்பு என்று ஒரு ரூக்கியை ஒதுக்குபவர்களுக்கு என் பதில் இதுதான்: வாய்ப்பு எப்படி வந்தது என்பதை விட்டுவிடுங்கள், வந்த வாய்ப்பில் எத்தனை பந்து அவர் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

ஸ்லீப்பரில் 'டிரெண்டிங்' என்று ஒரு பட்டியல் உண்டு. எல்லா லீக்குகளிலும் யாரை அதிகம் சேர்க்கிறார்கள், யாரை விடுகிறார்கள் என்று காட்டும். நல்ல வசதி. ஆனால் ஒரு பெயர் அதன் உச்சியில் ஏறும்போது உங்கள் லீக்கிலும் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். ஆட்டவாரிக் கணக்கைத் திங்கட்கிழமையே பார்ப்பவருக்கு ஒரு நாள் முன்னிலை கிடைக்கும். டார்கெட்டோடு சேர்த்து, அணியின் மொத்த ஸ்னாப்பில் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) அவர் எத்தனைக்குக் களத்தில் இருந்தார் என்றும் பார்க்க வேண்டும். களத்திலேயே இல்லாதவருக்குப் பந்து எங்கிருந்து வரும்?

உத்தேசப் புள்ளி விஷயத்துக்கு வருகிறேன். இது எந்த ஃபேன்டசி ஆப்பிலும் இருப்பதுதான். அனுபவமுள்ள ஆட்டக்காரருக்கு அது ஓரளவு சரியாக இருக்கும், பின்னால் வருடக்கணக்கில் ஆதாரம் இருக்கிறது. ரூக்கிக்கு அந்த ஆதாரம் இல்லை. அதனால் அவர் எத்தனையாவது ஆளாக டிராஃப்டில் போனார், எவ்வளவு பேசப்பட்டார் என்பவைதான் அந்த எண்ணில் எதிரொலிக்கின்றன என்பது என் கணிப்பு. 2024இல் மார்வின் ஹாரிசன் ஜூனியர் 4ஆவது ஆளாக அரிசோனா கார்டினல்ஸுக்கு வந்தார். அப்பாவும் பெரிய ரிசீவர், ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர். பல ஃபேன்டசி லீக்குகளில் இவர் இரண்டாவது சுற்றிலேயே போய்விட்டார். முதல் வாரம் 1 பந்து, 4 யார்டு. அடுத்த வாரம் 130 யார்டு, 2 டச்டவுன். அப்புறம் வருடம் முழுக்க ஏற்றமும் இறக்கமும்தான். முடிவில் 116 டார்கெட், 62 பந்து, 885 யார்டு, 8 டச்டவுன். மோசமான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாவது சுற்று விலைக்கு அது போதாது. அந்த அணியில் டைட் எண்ட், அதாவது தடுப்பதோடு பந்தும் பிடிக்கும் இடத்தில் ஆடும் ட்ரே மெக்பிரைடுக்கு மட்டும் 147 டார்கெட் போயிருந்தது.

அதே வருடம் 23ஆவது ஆளாக ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுக்குப் போன பிரையன் தாமஸ் ஜூனியர் 133 டார்கெட், 87 பந்து, 1,282 யார்டு, 10 டச்டவுன். அங்கே கால்வின் ரிட்லி வெளியேறி இடம் காலியாக இருந்தது. வருடத்தின் நடுவில் கிறிஸ்டியன் கிர்க்கும் காயம்பட்டார். முதல் குவார்ட்டர்பேக் ட்ரெவர் லாரன்ஸும் காயத்தில் விழுந்து, மாற்றாள் மேக் ஜோன்ஸ் எறிந்த கடைசி வாரங்களில்கூட தாமஸ் குவித்துக்கொண்டேயிருந்தார். "குவார்ட்டர்பேக் சரியில்லை, அந்த ரூக்கி வேண்டாம்" என்ற அறிவுரையை நான் பாதிதான் ஏற்பேன். நியூயார்க் ஜயன்ட்ஸ் அந்த வருடம் மூன்றே ஆட்டம் ஜெயித்தது, குவார்ட்டர்பேக்கை மாற்றிக்கொண்டேயிருந்தது. அங்கே மாலிக் நேபர்ஸ் 15 ஆட்டத்தில் 170 டார்கெட் வாங்கி 109 பந்து பிடித்தார். பின்தங்கிய அணி பந்தை எறிந்துகொண்டேதான் இருக்க வேண்டும். பி.பி.ஆர். லீக்கில் அந்த எண்ணிக்கையே சோறு போடும்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 40 யார்டு ஓட்டத்தில் ஜான் ராஸ் 2017இல் 4.22 நொடியில் ஓடிச் சாதனை படைத்தார். 9ஆவது ஆளாக பெங்கால்ஸ் எடுத்தது. முதல் வருடம் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. அந்தச் சாதனையை 2024இல் 4.21 நொடியில் முறியடித்த சேவியர் வொர்த்தி, சீஃப்ஸ் அணியில் 59 பந்து, 638 யார்டு. பட்டத்தைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டமான சூப்பர் பவுலில் 157 யார்டு எடுத்தார், ஆனால் ஃபேன்டசி சீசன் அதற்குள் முடிந்து மாதம் ஓடியிருந்தது.

பயிற்சி ஆட்டங்களைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 2021 ஆகஸ்டில் ஜமார் சேஸ் பந்துகளைக் கைநழுவவிட்டார். கல்லூரிப் பந்தில் இருக்கும் வெள்ளைக் கோடு என்.எஃப்.எல். பந்தில் இல்லை, பழக நேரம் எடுக்கிறது என்று அவரே சொன்னார். எல்லோரும் பதறினார்கள். ஓஹையோக்காரர்களும் பதறினார்கள், அவர்கள் அணி ஆயிற்றே. நான் பார்த்தது வேறு: எல்.எஸ்.யு. கல்லூரியில் அவருக்குப் பந்து எறிந்த அதே ஜோ பரோதான் பெங்கால்ஸிலும் எறியப்போகிறார். முதல் ஆட்டத்திலேயே 101 யார்டு. வருடம் முழுக்க 81 பந்து, 1,455 யார்டு, 13 டச்டவுன். பி.பி.ஆரில் 300 புள்ளிக்கு மேல்.

இனி ஆப்பின் மற்ற விஷயங்கள். கடந்த டிராஃப்டை ஏற்காட்டில் வைத்தோம். ஏரிக்கரைப் பக்கம் அறை, ஞாயிற்றுக்கிழமை காலை. நேரத்துக்கு டிராஃப்ட் தொடங்கிவிட்டது, ஆனால் இரண்டு பேர் வந்த வேன் அப்போதுதான் மலை ஏறிக்கொண்டிருந்தது. கீழிருந்து மேலே வர இருபது கொண்டை ஊசி வளைவுகள், பாதி வளைவுகளில் சிக்னல் வராது. ஸ்லீப்பரில் 'க்யூ' என்று ஒரு வசதி இருக்கிறது. வேண்டிய ஆட்களை முன்கூட்டியே வரிசையாகப் போட்டுவைத்தால், நம் முறை வந்து நேரம் தீரும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அவர்கள் இருவரும் அடிவாரத்திலேயே வரிசையைப் போட்டுவைத்திருந்ததால் நினைத்த ஆட்களே கிடைத்தார்கள். மலையில் டிராஃப்ட் வைக்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். பரபரப்பு வேண்டாம் என்றால் ஒவ்வொரு தேர்வுக்கும் மணிக்கணக்கில் அவகாசம் தரும் மெது டிராஃப்டும் வைக்கலாம். ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு அது இன்னும் நல்லது.

நேரம் முக்கியம். அமெரிக்காவில் ஞாயிறு பகல் ஒரு மணி ஆட்டம் நமக்கு இரவு 10.30க்குத் தொடங்கும். நவம்பர் தொடக்கத்தில் அங்கே கடிகாரத்தை மாற்றியதும் 11.30 ஆகிவிடும். யார் ஆடவில்லை என்ற பட்டியல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வரும், அதாவது நமக்கு இரவு 9 மணி, கடிகாரம் மாறியபின் 10 மணி. சாப்பிட்டு முடித்துப் பார்த்துவிட்டால் போதும். முன்பு நாங்கள் ஆடிய வேறொரு தளம் எல்லாவற்றையும் அமெரிக்கக் கிழக்கு நேரத்திலேயே காட்டியது. கணக்குப் போட்டுப் போட்டு அலுத்துத்தான் அதை விட்டோம். ஸ்லீப்பரில் நம் போன் நேரமே தெரிகிறது. ஆட்டக்காரர் காயம் என்றால் அறிவிப்பும் வரும். தமிழில் ஆப் இல்லை. எங்களுக்கு ஆங்கிலம் வேலைமொழி என்பதால் சமாளிக்கிறோம், வீட்டில் ஆட விரும்பும் அப்பாவுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.

வருடா வருடம் அணியைக் கலைக்காமல் வைத்திருக்கும் டைனஸ்டி லீக்கும் இதில் நடத்தலாம். எங்களில் ஆறு பேர் தனியாக அதையும் ஆடுகிறோம். ரூக்கி ரிசீவரை எடைபோடுவது அங்கே முற்றிலும் வேறு வேலை. ஜாக்சன் ஸ்மித்-இன்ஜிக்பா 2023இல் சியாட்டிலுக்கு 20ஆவது ஆளாக வந்தபோது டி.கே. மெட்காஃப், டைலர் லாக்கெட் இருவரும் அங்கே இருந்தார்கள். முதல் வருடம் 93 டார்கெட், 63 பந்து, 628 யார்டு. ஒரு வருட லீக்கில் அவரை வைத்திருந்தவர் நடுவிலேயே விட்டிருப்பார், அது தப்பும் இல்லை. மறுவருடம் 137 டார்கெட், 100 பந்து, 1,130 யார்டு. டைனஸ்டியில் இப்படிப்பட்டவரை 'டாக்ஸி ஸ்குவாட்' என்ற ஒதுக்கிடத்தில் வைத்துக் காத்திருக்கலாம், முக்கிய அணியில் இடத்தை அடைக்க மாட்டார். டைனஸ்டி என்று வந்தால் ஸ்லீப்பரில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இந்த ஒதுக்கிடம்தான். டைனஸ்டி ஆட நினைப்பவர்கள் வேறு எதையும் தேட வேண்டாம் என்றே சொல்வேன்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். லீக் தொடங்குபவர்கள் டிராஃப்டுக்கு முன்பே புள்ளிக்கணக்கை எல்லோரிடமும் பேசி முடித்துவிடுங்கள். பந்துக்கு 1 புள்ளியா, அரைப் புள்ளியா, ஒன்றுமே இல்லையா என்பதைப் பொறுத்து ஒரே ரூக்கியின் மதிப்பு தலைகீழாகும். நேபர்ஸின் 109 பந்துக்கு முழுப் புள்ளி லீக்கில் 109 புள்ளி, அரைப் புள்ளி லீக்கில் 54.5தான். கமிஷனர் அமைப்புப் பக்கத்தில் இதை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. எங்கள் அக்கா இந்த வருடம் அரைப் புள்ளிக்கு மாற்றலாமா என்று வாக்கெடுப்பு வைத்திருக்கிறார். நான் முழுப் புள்ளிக்குத்தான் போட்டேன்.